கடல் ஏறினால் எல்லையும் நகருமா? பாக்குநீரிணைக் கரையிலிருந்து ஒரு பதில்

'காலநிலை மாற்றம் கடற்பாதுகாப்பைப் பாதிக்கும்' என்று ஒரு கருத்தரங்கில் கேட்டதாகவும், அது யாழ்ப்பாணத்துக்கு எப்படிப் பொருந்தும், தீவுகள் மூழ்கிவிடுமா, இந்திய இலங்கைக் கடல் எல்லை மாறிவிடுமா என்று தெரிய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: 'பாதுகாப்பு என்றால் நேவியின் வேலைதானே, கரையில் இருக்கிற சனத்துக்கு அதில் என்ன இருக்கிறது?' மற்றக் கேள்விகளுக்கு ஓரிரு வரியில் பதில் சொல்லிவிடலாம். இந்தக் கடைசி வரிக்காகத்தான் உட்கார்ந்து நீளமாக எழுதுகிறேன்.

நான் இருபத்தாறு வருடம் கடற்றொழில் பரிசோதகராக வேலை செய்தவன். தீவுப்பகுதியிலும் வடமராட்சி கிழக்கிலும் பெரும்பாலான காலம் போனது. படகு, வலை, பிடி, கடன் பற்றி நான் சொல்வது நேரில் கண்டது. கடல்மட்டம், வெப்பம், புயல் பற்றிய எண்கள் அவற்றை அளந்தவர்களுடையவை. சட்டம் எனக்குத் தேவைக்குப் படித்த அளவுதான்.

முதலில் மூழ்கும் கதை. ஐ.பி.சி.சி. என்று சுருக்கிச் சொல்லப்படும் ஐ.நா.வின் அறிவியல் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. 2006க்குப் பிறகு வேகம் கூடி, வருடத்துக்கு 3.7 மில்லிமீற்றர் என்ற அளவுக்கு வந்தது. இதில் சந்தேகம் இல்லை. இந்த நூற்றாண்டு முடிவில் எவ்வளவு உயரும் என்பது நாம் எவ்வளவு எரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நன்றாகக் குறைத்தால் கால் மீற்றருக்குச் சற்று மேலிருந்து அரை மீற்றர் அளவுவரை, குறைக்காவிட்டால் ஒரு மீற்றர்வரை. இதை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தையே நீல நிறத்தில் மூழ்கடித்துக் காட்டும் வரைபடங்கள் கைபேசியில் சுற்றுகின்றன. அவற்றை அப்படியே நம்ப வேண்டாம். 2050இல் நெடுந்தீவு கடலுக்கு அடியில் போய்விடாது. ஆனால் அதைக் கேட்டு நிம்மதி அடையவும் வேண்டாம். எங்கள் பக்கம் கடல் மேலிருந்து வருவதற்கு முன்னால் கீழிருந்து வரும்.

குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை கல்லிடுக்குகளில் இறங்கி, அடியில் இருக்கும் உவர்நீருக்கு மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் இது நடக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் பழைய கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓர் அடி இறைத்து வற்றச் செய்தாலும் சரி, கடல் ஓர் அடி உயர்ந்து நன்னீரால் சேர்ந்து உயர முடியாமல் போனாலும் சரி, கீழே பல அடி உப்பு ஏறும். நிலாவரைக் கிணற்றைப் பார்க்கப் போயிருப்பீர்கள். மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப்போக உப்பு. குடாநாட்டின் நிலத்தடியே அந்தக் கிணற்றின் பெரிய வடிவம்தான்.

புங்குடுதீவில் ஒரு வீட்டுக்கு மாசி மாதத்தில் போயிருந்தேன். படகுப் பதிவு விஷயம். வீட்டு ஆச்சி தேநீர் தந்தார். கேத்தலின் மூக்கைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. தேநீரில் ஒரு சிறு கரிப்பு. நான் முகம் மாறாமல் குடித்தேன், ஆனாலும் ஆச்சி கவனித்துவிட்டார். "இது மாரித் தண்ணி தம்பி, நல்ல தண்ணி. ஆவணியிலை வந்திருந்தா வாயிலை வைச்சிருக்க மாட்டியள்" என்றார். முற்றத்துக் கிணறு குளிக்க, துவைக்க. குடிக்கத் தண்ணீர் பவுசரில், அதாவது தண்ணீர் வண்டியில், வர வேண்டும். அன்று நான் கேட்டுக்கொண்டது, அவர் மகன் ஏன் வாரத்தில் இரண்டு நாள் கடலுக்குப் போவதில்லை என்று. "தண்ணி பிடிக்கிற நாள்" என்றார். குடிதண்ணீரும் கடல் தொழிலும் ஒரே வீட்டுக் கணக்கில் எழுதப்படுகின்றன என்பதை அதற்குமுன் நான் யோசித்ததே இல்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிணறுகள் உவரானதற்கு இன்றுவரை பெரிய காரணம் நாங்களே அளவுக்கு மீறி இறைத்தது. துலாவும் பட்டையும் போய் இயந்திரப் பம்பு வந்த பிறகு, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைத்த தண்ணீருக்குக் கணக்கே இல்லை. கடல்மட்ட உயர்வு அந்தக் காயத்தின் மேல் விழும் உப்பு. வடமராட்சி கிழக்கின் தாளையடியில் 2024இல் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தண்ணீர் தரக்கூடியது. தேவையான ஒன்றுதான். ஆனால் அது வெளியே விடும் செறிந்த உப்புநீர் தங்கள் கரைமீனை விரட்டிவிடும் என்று அந்தப் பக்கத்து மீனவர்கள் தொடக்கத்திலிருந்தே கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையைத் தீர்க்கும் வழி தொடர்ந்து அளந்து, முடிவை அவர்களுக்குக் காட்டுவதுதான்.

அடுத்தது காற்று. எங்கள் ஆட்களுக்கு நாட்காட்டி காற்றின் பெயரில்தான் ஓடும். வாடை, கொண்டல், சோளகம், கச்சான். வடகிழக்கு வாடைக்கு வடமராட்சிக் கரை கொந்தளிக்கும், தென்மேற்குச் சோளகத்துக்குத் தீவுப் பக்கம். அதை வைத்துத்தான் ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குப் போய் வாடி என்ற தற்காலிகக் குடில் போடுவார்கள். 'முந்தின மாதிரி இல்லை, காற்று தவறி அடிக்குது' என்று சொல்லாத பழைய மீனவரை நான் கண்டதில்லை. இதை ஆதாரமாக எடுக்கலாமா? முழுவதும் எடுக்க முடியாது. மனித ஞாபகம் நல்ல வருடங்களை இன்னும் நல்லதாக வைத்துக்கொள்ளும். ஆனால் ஒதுக்கியும் விட முடியாது, ஏனென்றால் அவர்கள் கடலுக்குப் போவதும் போகாததும் அந்தக் கணிப்பில்தான்.

புயல் விஷயத்தில் விஞ்ஞானிகள் சொல்வதைக் கவனமாக வாசிக்க வேண்டும். புயல்களின் எண்ணிக்கை கூடும் என்று அவர்கள் உறுதியாகச் சொல்லவில்லை, உலக அளவில் குறையவும் கூடும் என்கிறார்கள். கடந்த நாற்பது வருடத்தில் வந்த புயல்களில் கடுமையானவற்றின் பங்கு கூடியிருக்கலாம் என்பதும், கொட்டும் மழை கூடும் என்பதும் அதைவிட உறுதியான பக்கம். வெப்பக் கடல்தான் புயலுக்குச் சாப்பாடு. இந்து சமுத்திரத்தின் வெப்பவலயப் பகுதி 1950களிலிருந்து ஏறத்தாழ ஒரு பாகை சூடேறியிருக்கிறது. 1964 டிசம்பரில் இலங்கையின் வடக்கைக் கடந்துபோய் தனுஷ்கோடியை அழித்த புயல் காலநிலை மாற்றம் என்ற பேச்சுக்கு முந்தியது. ஆகவே ஒவ்வொரு புயலையும் அதன் தலையில் கட்டக்கூடாது. 2008இன் நிஷா, 2020இன் புரெவி, 2024இன் பெங்கல் என்று வந்தவற்றில் குடாநாட்டை வருத்தியது பெரும்பாலும் வெள்ளம். கடல் கொஞ்சம் உயர்ந்து நிற்கும்போது அந்த வெள்ளம் வடிய வழி குறையும் என்பது கூட்டல் கணக்கு. பண்ணையிலும் பொன்னாலையிலும் கடலைக் குறுக்கறுத்துப் போட்ட வீதிகள் நீரோட்டத்தை ஏற்கெனவே நெருக்குகின்றன.

புயலில் ஆள் சாவது பற்றிப் பத்திரிகை எழுதும். எழுதாத ஒன்று கரை ஒடுங்குவது. கடற்கரை என்றால் வெளியூர்க்காரருக்கு மணல், எங்களுக்கு அது பட்டறை. பதினெட்டு அடிப் பைபர் படகை எட்டுப்பேர் தோள்கொடுத்து இழுத்து ஏற்ற மணல் வேண்டும். கரைவலை இழுக்க நீளமான கரை வேண்டும். வலை காயப்போட, கருவாடு போட இடம் வேண்டும். அரிப்பைத் தடுக்க என்று பெரிய கல்லை வரிசையாகக் கொட்டிவிட்டால் பின்னாலுள்ள வீதி தப்பும், படகு ஏற இடம் இல்லாமல் போகும். அதன்பிறகு படகை நங்கூரத்தில்தான் விட வேண்டும். தாழமுக்கம் என்று வானொலி சொல்லும் இரவில் நங்கூரத்தில் நிற்கும் படகுகள் ஒன்றோடொன்று மோதி உடையும். விடிய மீனவர் கரையில் நின்று பார்ப்பது இருபது வருடக் கடனை. மணற்காட்டுப் பக்கம் மணல்மேடு பழைய தேவாலயத்தையே மூடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தளவு மணலைக் கடல் கொண்டுவந்து தந்த கரையில்தான் வடமராட்சி கிழக்கு நெடுக மணல் அகழ்ந்து ஏற்றுகிறார்கள். புயல் அலைக்கு முதல் வேலி அந்த மணல்மேடு. அதை லொறியில் ஏற்றிவிட்டுக் காலநிலை மாற்றம் பற்றிப் பேசுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சரி, இப்போது மீனுக்கும் எல்லைக்கும் வருகிறேன். உங்கள் கருத்தரங்கு பேசிய கடற்பாதுகாப்பு இங்கேதான் கரைச் சனத்தைத் தொடுகிறது.

கடல் சூடேறினால் மீன் இடம் மாறும். கேரளப் பக்கத்துக்கே உரியதாக இருந்த பேச்சாளை கடந்த சில பத்தாண்டுகளில் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையிலும் பெருமளவில் பிடிபடத் தொடங்கியதை இந்திய மீன்வள ஆய்வாளர்கள் வெப்ப உயர்வோடு இணைத்துப் பேசியிருக்கிறார்கள். பவளப்பாறையின் நிலை இன்னும் மோசம். பாக்கு விரிகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பவளம் வெளிறியது. உலக வெப்பம் 1.5 பாகை கூடினால் பவளப்பாறைகளில் 70 முதல் 90 வீதம் அழியும், 2 பாகை கூடினால் ஏறத்தாழ ஒன்றுமே மிஞ்சாது என்று ஐ.பி.சி.சி. 2018இல் சொன்னது. பாறைமீன் பிடிக்கும் தீவுக்காரருக்கு இது வயிற்றில் அடிக்கும் செய்தி.

ஆனால் இன்று எங்கள் கடலில் மீன் குறைந்ததற்கு முதல் காரணம் எது என்று என்னைக் கேட்டால், இழுவைமடி என்றே சொல்வேன். பாக்கு விரிகுடா ஆழமில்லாத கடல். அடியைச் சுரண்டும் மடியை அதில் ஆண்டுக்கணக்கில் இழுத்தால் கடற்புல்லும் குஞ்சும் முட்டையும் தப்பாது. இலங்கை 2017 ஜூலையில் சட்டத்தைத் திருத்தி இழுவைமடியைத் தடை செய்தது. எங்கள் பக்கத்திலும் சிலர் அதைத் தொழிலாக வைத்திருந்தார்கள், அதையும் மறைக்கக்கூடாது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் வருடத்தில் 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தடைக்காலம். அது முடிந்ததும் இழுவைமடி இழுக்கும் றோலர் படகுகள் எல்லை தாண்டி எங்கள் பக்கம் திரும்ப வரும். அவற்றில் கூலிக்கு வருபவர்களும் ஏழைகள்தான். அவர்கள் வீட்டிலும் கடன் உண்டு, சிறைக்குப் போனால் அழும் பிள்ளைகள் உண்டு. 2024இல் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்திய மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தது.

ஒரு விடியற்காலை. வடகரையில் ஒரு துறை. படகு கரை தட்டியதும் ஓடிப் போனேன். உள்ளே மீன் இல்லை. நைலோன் கயிற்றுத் துண்டு ஒன்று, நுனி பிய்ந்து துடைப்பம் மாதிரி விரிந்து கிடந்தது. "வலை கிடந்த இடத்திலை மிதப்பு ஒண்டுதான் நிண்டது, ஐயா" என்றார் படகுக்காரர். வலை பத்துத் துண்டு, அடகு வைத்த நகையில் வாங்கியது. நான் முறைப்பாட்டுப் படிவத்தை எடுத்தேன். வலையை அறுத்த படகின் இலக்கம் கேட்கும் இடத்தில் அவர் சொல்ல எதுவும் இல்லை. இருட்டு. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன்.

இனி அவருடைய வாரத்தை எண்ணிப் பாருங்கள். றோலர்கள் வழக்கமாக வாரத்தில் மூன்று இரவு வரும், அந்த இரவுகளில் எங்கள் ஆட்கள் பயந்து வலை போடமாட்டார்கள். கத்தோலிக்க ஊர் என்றால் சனி இரவு தொழில் இல்லை, அது றோலர் இரவோடு ஒன்றாக விழுந்தால் லாபம். மிச்சம் நாலு இரவு. முன்பு அந்த நாலும் அவருடையவை. இப்போது மாரி தொடங்கினால் தாழமுக்கம் என்ற எச்சரிக்கையில் இரண்டு போகிறது. மிச்சம் இரண்டு இரவில் மண்ணெண்ணெய்க் காசு, வலைக் கடன், பிள்ளையின் ரியூசன், எல்லாம் வர வேண்டும். ஆகவே அவர் என்ன செய்கிறார்? எச்சரிக்கை இரவிலும் போகிறார். அல்லது றோலர் இரவில் போகிறார். ஒன்றில் உயிருக்கு ஆபத்து, மற்றதில் வலைக்கு ஆபத்தும் கடலில் சண்டையும். காலநிலை மாற்றம் கடற்பாதுகாப்பைப் பாதிக்கும் என்று அவர்கள் மேடையில் சொன்னது கரையில் இப்படித்தான் நடக்கிறது. சண்டையைக் காலநிலை உண்டாக்கவில்லை. சண்டையைத் தவிர்த்துப் பிழைக்க மீனவருக்கு இருந்த இரவுகளை அது தின்கிறது.

எல்லை நகருமா என்ற கேள்விக்குப் பதில் தெளிவு: நகராது. பாக்குநீரிணைக் கோடு 1974 ஒப்பந்தத்தில் ஆள்கூறுகளால் குறித்துப் போடப்பட்டது. மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் 1976இல் நீட்டினார்கள். கடல் ஏறினாலும் கச்சதீவின் கரை தேய்ந்தாலும் அந்தப் புள்ளிகள் இருந்த இடத்தில் இருக்கும். ஒப்பந்தங்கள் பற்றிய 1969 வியன்னா உடன்படிக்கையும் எல்லை ஒப்பந்தத்தைச் 'சூழ்நிலை மாறிவிட்டது' என்று சொல்லி முறிக்க இடம் கொடுக்கவில்லை. கடல் உயர்ந்தாலும் தங்கள் கடல் வலயம் குறையாது என்று பசிபிக் தீவு நாடுகள் 2021இல் அறிவித்ததும் இதே திசையில்தான். தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. கோடு அசையாது, மீன் அசையும். மீன் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் படகும் போகப் பார்க்கும். எந்த மீன் எந்தப் பக்கம் எவ்வளவு நகரும் என்பதை இன்றைய அறிவை வைத்து யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்பவரிடம் கவனமாக இருங்கள்.

'தொழில் கெட்டால் மீனவர் கடத்தலுக்குப் போவார்கள், அகதியாகப் படகேறுவார்கள்' என்ற வாதத்தையும் கருத்தரங்கில் கேட்டிருப்பீர்கள். இதை நான் பாதிதான் ஏற்பேன். கேரளாக் கஞ்சாவும் பீடியிலையும் மஞ்சளும் இந்தக் கடலால் வருவது உண்மை. 2022இல் குழந்தை குட்டியோடு தனுஷ்கோடி மணல்திட்டில் போய் இறங்கியவர்களையும் பார்த்தோம். ஆனால் அவர்களைத் துரத்தியது அந்த வருடத்து விலைவாசியும் வேலையின்மையும். காலநிலையையும் கடத்தலையும் நேராக முடிச்சுப் போட்டால் கரைச் சனம் முழுவதையும் சந்தேகக் கண்ணால் பார்க்கும் பழக்கம்தான் வளரும். போர்க்காலத்தில் கடலுக்குப் போகப் பாஸ் எடுத்து நின்றவர்கள் நாங்கள். அந்தப் பார்வையின் விலை எங்களுக்குத் தெரியும்.

அரசுகளின் பாதுகாப்புக் கணக்கு கரைச் சனத்தை எப்படித் தாண்டிப் போகிறது என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் இயந்திரத்தில் மின்சாரம் எடுத்துவந்த தீவுகள். காற்றும் வெயிலும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் திட்டம் 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. தன் கரைக்கு இவ்வளவு கிட்டவா என்று இந்தியா எதிர்த்தது. அந்த வருட முடிவில் திட்டம் நின்றது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையில் செய்வதாக உடன்படிக்கை வந்தது, வேலைக்கான ஒப்பந்தம் 2024 மார்ச்சில்தான் கைச்சாத்தானது. காலநிலைக்கு நல்லது என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு வேலை, கடற்பாதுகாப்பு என்ற சொல்லில் மூன்று வருடம் மாட்டிக்கொண்டது. இரு பக்கத்துப் பயத்துக்கும் அவரவர் நியாயம் இருக்கலாம். அந்த மூன்று வருடமும் டீசலில் ஓடியது தீவுச் சனத்தின் மின்குமிழ்.

ஆகவே, அது நேவியின் வேலைதானே என்ற உங்கள் வரிக்கு என் பதில்: நேவிக்கும் வேலை உண்டு. குறிகட்டுவானில் கடல் கொந்தளித்து நெடுந்தீவுப் படகு நின்றுபோன நாளில், பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை கடற்படைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்ததை நான் இறங்குதுறையில் நின்று பார்த்தேன். ஊரார் அன்று கைகூப்பினார்கள். கடற்படையிடம் நாங்கள் கேட்கும் பாதுகாப்பு அந்த மாதிரியானது. இடர் எச்சரிக்கை தமிழில், நேரத்துக்கு, துறைக்குத் துறை வர வேண்டும். எச்சரிக்கையால் கடலுக்குப் போகாத நாளுக்குச் சிறிய தொகையாவது சங்கம் மூலம் கிடைக்க வேண்டும். கிடைத்தால் எச்சரிக்கையை மீறிப் போகும் படகு குறையும் என்று உறுதியாக நம்புகிறேன். கண்டல் காட்டையும் மணல்மேட்டையும் தொடக்கூடாது. கல் கொட்டும் இடத்தில் படகேற ஒரு வழி விட்டுக் கொட்டச் சொல்ல வேண்டும். இரண்டு கரை மீனவர்களும் அவ்வப்போது உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். இழுவைமடி நிற்காமல் அந்தப் பேச்சு முடிவுக்கு வராது என்பதே என் அனுபவம்.

இதை ஒரு ஆய்வாகச் செய்யப் போவதாக எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பெரிய வரைபடத்தில் தொடங்காதீர்கள். கடலுக்குக் கிட்ட ஒரு கிணற்றைத் தெரிந்தெடுங்கள். உப்பளக்கும் சிறு கருவி ஒன்றை இரவல் வாங்கித் தை மாதம் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை அதே கிணற்றில் அளந்து எழுதுங்கள். அப்புறம் அந்த வீட்டுக்காரரிடம், போன வாரம் எத்தனை இரவு கடலுக்குப் போனீர்கள், போகாத இரவுகளுக்குக் காரணம் என்ன என்று ஒவ்வோர் இரவாகக் கேட்டு எழுதுங்கள். காற்றா, றோலரா, எண்ணெயா, தண்ணீர் பிடிக்கும் நாளா என்று அவர்களே பிரித்துச் சொல்வார்கள். மாலை நாலு மணிக்கு மேல் போங்கள், வலை பொத்திக்கொண்டு வாசலில் இருப்பார்கள்.